என்னிடம் ருசி, ஆபாவிடம் நிறம்

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என் வேலை அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கருவிகளைப் பற்றி எழுதமாட்டேன். அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் அரை நாள் குனிந்து நின்று செய்த சோதனையை நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிடுகிறீர்கள். அதைப் பார்க்கும்போதே எனக்கு வயிறு எரியும். இதில் என் வயிற்றெரிச்சல் இன்னும் பல இடங்களில் வரும். அதை நீக்கிவிட்டு எழுதிப் பார்த்தேன். சொல்ல வந்த விஷயமும் சேர்ந்து போய்விட்டது. அதனால் அப்படியே விட்டிருக்கிறேன்.

வேலூரில் இருக்கும் நம் பரிசோதனைக் கூடத்தில் என் காலம் முழுவதும் உப்புப் பிரிவில்தான் போனது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள், உலோகங்கள், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு. போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு மதியத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் போன் அடித்தால் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அந்த மதியத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன் ஒரு தென்னந்தோப்பு.

நான் சேர்ந்த புதிதில் மாதனூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் தோப்பு காய்ந்துபோனது. அவர் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதித்தேன். பக்கத்துத் தோல் ஆலையின் கால்வாயில் ஓடுவதற்கும் கிணற்றில் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விசாரணைக்குக் கூப்பிட்டபோது தைரியமாகத்தான் போனேன். ஆலைத் தரப்பு வக்கீல் என்னை மிரட்டவே இல்லை. தன்மையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஆலை வர்றதுக்கு முன்னாடி இந்தக் கிணறு எப்படி இருந்துச்சு மேடம்?”

என் ரிப்போர்ட்டைப் புரட்டினேன், அதில் அது இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த விவசாயி எழுந்து நின்றார். “நல்லா இருந்துச்சுங்க சார். எங்க வீட்ல பருப்பு வேகும்.”

“பருப்பு வெந்ததுக்கு சாட்சி யாருங்க?” என்றார் வக்கீல். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். விவசாயியும் மரியாதைக்காகக் கொஞ்சம் சிரித்தார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, “நீ அப்பவே வந்து பார்த்திருக்கலாமேம்மா” என்றார். அந்த ஆலை வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இருந்தாலும் அவர் கேட்டது சரி என்றே இன்றும் படுகிறது. கெட்டுப்போன பிறகு எடுக்கிற தண்ணீர், கெட்டுப்போயிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். யாரால், எப்போது என்று கேட்டால் அதற்கு வாய் கிடையாது. கெடுவதற்கு முன் ஒருவர் எடுத்து வைத்திருக்க வேண்டும். நம் பாலாற்றுக் கரையில் யாரும் எடுத்து வைக்கவில்லை.

ஆகவே டெல்டாவிலிருந்து ஒரு கிராமம் எங்களுக்குக் கடிதம் எழுதியபோது எனக்கு வந்த முதல் உணர்ச்சி பொறாமை. அந்த ஊருக்கு வெளியே, வயல் நடுவில், ஒரு பழைய எரிவாயுக் கிணறு உண்டு. பல வருஷமாக மூடிக் கிடந்தது. அதில் திரும்பவும் வேலை ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, வேலை ஆரம்பிக்கும் முன்பே ஊரின் குடிநீர்க் குழாய்க் கிணறுகளைச் சோதித்து வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பக்கத்து ஊர்க் கூடங்களில் கொடுத்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பேச்சு வரும் என்பதால் தூரத்து வேலூரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வாயு எடுக்கிற நிறுவனமும் ஒத்துக்கொண்டது. கெடுவதற்கு முன்பே யோசிக்கிற ஊரும் நாட்டில் இருக்கிறது, அது நம்முடையது இல்லை என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வேலைக்குக் களத்துக்குப் போனது என் மகள் நிவேதா.

அவள் எங்கள் கூடத்தில் சேர்ந்து அப்போது கொஞ்ச நாள்தான். தண்ணீரில் கரைந்த வாயுக்களைப் பார்க்கிற பிரிவை அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பக்கத்து அறையில் அம்மா உப்புப் பிரிவில் இருக்கும்போது ஏன் அங்கே போனாள் என்றால், அங்கே ஆபா இருந்தார்.

உருது பேசுகிற வீடுகளில் அக்காவை ஆபா என்பார்கள். அவர் வாணியம்பாடிக்காரர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் ஆபா என்றே எழுதுகிறேன். கூடத்தில் டிரைவரிலிருந்து தலைமை அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் ஆபாதான். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. வேலைக்குச் சேர்ந்ததும் ஒரே வாரம். என்னை இத்தனை வருஷத்தில் யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை, மேடம்தான். ஆபா அதிகம் பேசமாட்டார். நான் நிறையப் பேசுவேன். நிவேதா மதியம் என் டப்பாவைத் திறந்து பொரியலை எடுத்துக்கொண்டு ஆபா பக்கத்தில் போய் உட்காருவாள். எங்கள் டிரைவர் குமார் ஒரு நாள் என் காதுபடவே சொன்னார்: “இன்னா மேடம், நீங்க பெத்துக் குடுத்தீங்க, ஆபா வளக்கறாங்களா?”

“டிரைவருக்கு வண்டியைப் பாக்கத்தான் சம்பளம்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

டெல்டாவுக்குப் புறப்படுவதற்கு முன் நிவேதா ஆபாவிடம் கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. “வாயு ரொம்ப ஆழத்துல இருக்கு. குடிதண்ணி மேல இருக்கு. ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம் ஆபா?”

“ஆழத்துக்குப் போற குழாய் எது வழியா போவும்? குடிதண்ணி இருக்கிற மண்ணைத் தாண்டித்தானே?” என்றார் ஆபா. “குழாய்க்கு வெளிய சுத்தி சிமெண்ட் போட்டு அடைப்பாங்க. அது நல்லா இருந்தா ஒண்ணும் இல்ல. அது எங்கனா விட்டுப்போச்சுன்னா வாயுவுக்கு அதுதான் படிக்கட்டு. குழாயோட வெளிச்சுவரைப் பிடிச்சிக்கினு மேல ஏறி வந்துடும். வந்து நம்ம தண்ணியில கரைஞ்சிடும்.”

“அவ்வளவுதானா?”

“வாயுவோட சேர்ந்து உப்புத் தண்ணி ஜாஸ்தி வரும். அதை எங்க விடறாங்கன்னு பாக்கணும். அதுக்கு உங்க அம்மாவைக் கேளு, உப்பு அவங்க இலாகா. சில இடத்துல வாயு வரணும்னே நிலத்தடித் தண்ணியை இறைச்சிக் கொட்டுவாங்க. அங்க சுத்துப்பட்டுக் கிணறெல்லாம் கீழ இறங்கிடும்.”

நானும் அதே மேஜையில்தான் இருந்தேன். இதெல்லாம் எனக்கும் தெரியும். இன்னும் விரிவாகவே சொல்லியிருப்பேன். நிவேதா என்னைக் கேட்கவில்லை. ஆபா கேட்கச் சொன்ன பிறகும் கேட்கவில்லை.

இப்போது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உரிய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப்பேர் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் என்பதால் சொல்கிறேன். நாம் தண்ணீரை நாக்கால் எடை போடுகிறவர்கள். சம்பந்தம் பேசப் போனாலும் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்போம். கரிக்கிறதா, நாறுகிறதா, சோப்பு நுரைக்குமா, பருப்பு வேகுமா. இந்த நான்கில் ஒன்று தவறினால் உஷாராகிவிடுவோம். நான்கும் சரியாக இருந்தால் நமக்கு மனம் இளகிவிடும். நல்ல தண்ணீரைப் பார்க்காத ஊரில் பிறந்தவர்களுக்கு நல்ல தண்ணீர் மேல் சந்தேகமே வராது. கண்ணில் படாத, நாற்றமும் ருசியும் இல்லாத ஒன்று அதில் இருக்கலாம் என்று படித்திருப்போம். நாக்கு அதை நம்பாது.

நிவேதா அந்த ஊரிலிருந்து முதல் நாள் சாயந்திரம் போன் செய்தாள்.

“அம்மா, தண்ணி இன்னா ருசி தெரியுமா? ஒரு செம்பு ஃபுல்லா குடிச்சேன். இளநி மாதிரி இருக்குது. இவங்கெல்லாம் இதுல மாடு குளிப்பாட்டறாங்கம்மா.”

எனக்குத் தாங்கவில்லை. மாதனூரில் நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். “சரி, ஜாஸ்தி குடிக்காதே. புதுத் தண்ணி ஜலதோஷம் பிடிக்கும்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் தண்ணீர் எடுத்தது ஊர்க்கோடியில் ஒரு விவசாயி வீட்டுக் குழாய்க் கிணறு. வாயுக் கிணற்றுக்கு மிக அருகில் இருந்தது அதுதான். குழாயும் மோட்டார் ஸ்டார்ட்டரும் ஒரு சின்ன பம்பு அறைக்குள் இருந்தன. செம்புக் கம்பியை யாரோ திருடிப்போனார்கள் என்பதால் அவர் சமீபத்தில்தான் அந்த அறையின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, தகரக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார். முதல் நாள் நிவேதா போனபோது அவர் காலையிலிருந்தே கதவைத் திறந்துபோட்டு வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எனவே அன்று அறைக்குள் எதுவும் தேங்கி நிற்கவில்லை. அவள் பாட்டில்களை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ் பார்சலில் வேலூருக்கு அனுப்பினாள். இரண்டாவது முறை நிறுவனத்தின் ஆட்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நின்று பார்க்க, அதே குழாயில் இன்னொரு மாதிரி எடுப்பது என்று ஏற்பாடு. அது வரை வயலுக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. அறை பூட்டிக் கிடந்தது.

அந்த இரண்டாவது மாதிரி எடுக்கிற நாளின் மதியம்தான் முதல் பெட்டி ஆபாவின் மேஜையில் திறக்கப்பட்டிருந்தது. உப்புக்கான பாட்டில்கள் எனக்கு வந்தன. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான தண்ணீரை நான் அளந்ததில்லை. இவர்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது ஆபா என் மேஜை அருகில் வந்து நின்றார். அவர் தன் அறையை விட்டு வருவதே அபூர்வம்.

“வசந்தி, பொண்ணு இப்ப எங்க?”

“அந்த வீட்லதான். ரெண்டாவது சாம்பிள். ஏன்?”

“பம்பு ரூமுக்குள்ளயா?”

“உள்ளதான் குழாய் இருக்கு. ஏன் ஆபா?”

வாயுவுக்கான பாட்டிலில் ஒரு துளி காற்றுகூட இல்லாமல் நிரப்பி மூடுவது வழக்கம். நிவேதா ஒழுங்காகத்தான் நிரப்பியிருந்தாள். ஆனால் அந்த வீட்டுப் பாட்டிலில் மட்டும் கழுத்தில் ஒரு பெரிய குமிழ் நின்றது. ஆபா சோதித்ததில் வாயுவின் அளவு எங்கேயோ போய் நின்றது. கருவிக் கோளாறாகவும் இருக்கலாம். இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

“அந்த வீட்ல குழாயைத் திறந்தா தண்ணி பால் மாதிரி வெள்ளையா வருதாம், செம்புல வெச்சா தெளிஞ்சிடுதாம். நேத்தே போன்ல சொன்னா. அதான் அந்தப் பாட்டிலை மொதல்ல எடுத்தேன்” என்றார் ஆபா.

அந்த வெள்ளை, வாயு பிரிகிற நுரை. கீழே அழுத்தத்தில் கரைந்திருப்பது மேலே வந்ததும் சோடா மாதிரி வெளியேறும். அடைத்த அறை என்றால் அங்கேயே தங்கும். ஸ்டார்ட்டரில் ஒரு பொறி போதும்.

இந்த இடத்தில் என் மனதில் ஓடியதை உள்ளபடி எழுதுகிறேன். முதலில் பயம் வந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு கணம் முன்னால், இதை அவள் உங்களிடம் சொன்னாளா, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றுதான் வந்தது. என்னிடம் ருசியைச் சொன்னாள். ஆபாவிடம் நிறத்தைச் சொன்னாள்.

தலைமை அதிகாரியின் அறைக்கு இருவரும் போனோம். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு தரப்புச் சண்டைகளில் அடிபட்டுப் பழகியவர். “ஆபா, இன்னொரு தடவை ஓட்டுங்க. கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் போறதுக்கு முன்னாடி போன்ல ஒரு வார்த்தை போகக் கூடாது, அது நம்ம ரூல். இப்ப அங்க ரெண்டு பார்ட்டியும் நிக்கறாங்க. நீங்க ஒண்ணு சொல்லி அது தப்பாப் போச்சுன்னா நம்ம பேரு நாறிடும்.”

“இன்னொரு தடவை ஓட்ட நேரம் ஆகும் சார்.”

“ஆகட்டுமே.”

நான் அவர் பேசி முடிக்கும்வரை நிற்கவில்லை. வராந்தாவுக்கு ஓடிப்போய் நிவேதாவைக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

“அம்மா, இப்ப வேணாம்மா, எல்லாரும் நிக்கறாங்க” என்று வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுத்து, நான் வாயைத் திறப்பதற்குள், “சாப்ட்டேன்மா. தொப்பி போட்டிருக்கேன்மா. வெயில் இல்லம்மா” என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டாள். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. அடுத்து அடித்தபோது பிஸி என்று வந்தது.

ஆபா என் பின்னால் வந்து நின்றிருந்தார். தன் போனை எடுத்து அடித்தார். முதல் மணியிலேயே அவள் எடுத்தாள்.

“நிவேதா. வெளிய வா. எதையும் தொடாதே. எல்லாரையும் வெளிய கூட்டிக்கினு வா. அப்புறம் பேசு.”

“சரி ஆபா.”

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லவில்லை. ஆபா போனைக் காதிலேயே வைத்திருந்தார். எனக்குக் கேட்டதெல்லாம் செருப்புச் சத்தமும் தகரக் கதவு சுவரில் இடிக்கும் சத்தமும் மட்டும். பிறகு நிவேதாவின் குரல்: “வெளிய வந்துட்டோம் ஆபா. வீட்டுக்கார அண்ணன் ஸ்டார்ட்டர்கிட்ட இருந்தாரு. கையைப் பிடிச்சு இழுத்துக்கினு வந்துட்டேன்.”

போனை எனக்கும் கேட்கும்படி வைக்கச் சொல்லி ஆபாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைப் போனின் ஒலிபெருக்கியில் கேட்டோம். ஆபா கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார், கம்பத்தில் கரண்டைத் துண்டிக்கச் சொன்னார், தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் கொடுக்கச் சொன்னார். ஊர்க்காரர் ஒருவர் குரல் உயர்ந்தது. “அப்ப அந்தக் கிணறு லீக்கு ஆவுது, அதானே மேடம்? உள்ளதைச் சொல்லிட்டுப் போங்க.”

நிறுவனத்தின் ஆள் குறுக்கே வந்தார். “இது சதுப்பு மண்ணுங்க. இங்க இயற்கையாவே வாயு இருக்கும். அதையும் சொல்லுங்க மேடம்.”

போன் என் கையில் இருந்திருந்தால் நான் கிணறு என்று கத்தியிருப்பேன். பாலாற்றுக் கரையில் பிறந்தவளுக்கு யார் குற்றவாளி என்று யோசிக்க நேரமே வேண்டாம். ஆபா சொன்னது இது:

“எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு விதமாவும் இருக்கலாம். அதுக்குத் தனி டெஸ்டு இருக்கு, நாள் ஆகும். இப்ப அந்த ரூமுக்குள்ள யாரும் போகக் கூடாது. ஜன்னலை உடைச்சிடுங்க. இதுல ரெண்டு பேருக்கும் சண்டை இல்லையே?”

கொஞ்ச நேரத்தில் செங்கல் விழும் சத்தம் கேட்டது.

தீயணைப்புக்காரர்கள் கொண்டுவந்த வாயு மீட்டர், கதவு திறந்து அவ்வளவு நேரமாகியும் வாசலிலேயே கத்தியது. எங்கள் கருவியில் கோளாறு இல்லை. தலைமை அதிகாரி மறுநாள் ஆபாவைக் கூப்பிட்டு, விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டார். கேட்டே ஆக வேண்டிய இடத்தில் அவர் இருந்தார்.

“ரீடிங் தப்பா இருந்து நான் சொல்லியிருந்தா இன்னா சார் ஆகியிருக்கும்? ஒரு ஜன்னல் போயிருக்கும். ரீடிங் சரியா இருந்து சொல்லாம இருந்திருந்தா?”

அவர் விளக்கத்தை எழுதி வாங்கவில்லை. இப்போது நம் விதியில் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஒரு வரி இருக்கிறதே, அது அப்படி வந்தது. நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து இருப்பதால் அது எப்போதும் இருந்தது என்று நினைத்திருப்பீர்கள்.

பின்னால் செய்த சோதனையில் அந்த வாயு ஆழத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. சதுப்பு மண்ணின் வாயு வேறு ஜாதி. எந்த வழியாக ஏறியது, பழைய குழாயின் சிமெண்ட் எங்கே விட்டது, விட்டதா இல்லையா என்பதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி நான் எழுதக் கூடாது. ஆனால் அந்த ஊரிடம் வேலை ஆரம்பிக்கும் முன் எடுத்த தண்ணீரின் கணக்கு முழுசாக இருக்கிறது. நாளைக்கு எந்த வக்கீல் கேட்டாலும் அவர்களால் எழுந்து நின்று பதில் சொல்ல முடியும். மாதனூர்த் தோப்புக்காரருக்கு அது கிடைக்கவில்லை. அந்த ஊரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இப்போதும் ஆறவில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதை ஆபா மூன்று வரியில் சொல்லிவிடுவார். ஆபத்தை உடனே சொல். காரணத்தைத் தெரிந்த பிறகு சொல். நல்ல தண்ணீரையும் சந்தேகி. எனக்கு அவ்வளவு சுருக்கமாக வராது. என்னிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அது நிவேதா திரும்பி வந்த அன்று எனக்குக் கிடைத்தது.

காலையில் வேலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். இறங்கியதும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பையை நான் வாங்கிக்கொண்டேன். ஆம்பூர் பஸ்சில் உட்கார்ந்து பள்ளிகொண்டா தாண்டும்வரை பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்.

“நான் கூப்ட்டப்ப ஏன்டி கேக்கல?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ தினமும் கூப்டறேம்மா.”

“அதுக்கு?”

“பஸ் ஏறும்போது பாத்து ஏறுங்கறே. மழை வந்தா வெளிய போகாதேங்கறே. வெயில் வந்தாலும் போகாதேங்கறே. புதுத் தண்ணி குடிக்காதேங்கறே. எல்லாத்துக்கும் ஒரே குரல்தான். இன்னிக்கு நிஜம், நேத்து சும்மான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“ஆபா சொன்னா மட்டும் தெரியுமா?”

“ஆபா எனக்கு அதுவரைக்கும் போனே பண்ணதில்லையே. அவங்க நம்பர் வந்ததுமே நான் கதவுப் பக்கம் திரும்பிட்டேன்.” என் பக்கம் திரும்பி, “தண்ணி வெள்ளையா வர்றதை உன்கிட்ட சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பே?” என்றாள்.

“உடனே கிளம்பி வந்துடுன்னு சொல்லியிருப்பேன்.”

“அதான் சொல்லல.”

யோசித்துப் பாருங்கள். நான் சொல்லியிருக்கக் கூடியது சரியான யோசனைதான். அவள் உடனே கிளம்பி வந்திருந்தால் எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே யோசனை சொல்கிறவளிடம் யாரும் விஷயத்தைக் கொண்டுவர மாட்டார்கள். நல்ல செய்தியை மட்டும் கொண்டுவருவார்கள். ருசியைச் சொல்வார்கள். களத்தில் இருப்பவர் உங்களிடம் எதைச் சொல்கிறார், எதை வேறொருவரிடம் சொல்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் குரலுக்கு அங்கே என்ன மதிப்பு என்று அதில் தெரியும். எச்சரிக்கையைச் செலவு செய்யாமல் வைத்திருங்கள். ஒருநாள் அது உங்களுக்கு மொத்தமாக வேண்டியிருக்கும்.

இதை எழுதுவது சுலபம். நான் பெற்றவள். எங்கள் தெரு முனையில் தினமும் காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும். தெருப் பெண்கள் ஏறிப்போய், சாயந்திரம் அதே பஸ்சில் திரும்பி வருவார்கள். அவர்களின் அம்மாக்கள் டீவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான். என் மகள் எங்கெங்கோ தெரியாத பம்பு அறைகளின் வாசலில் நிற்கிறாள்.

போன மாதம் அந்த ஊருக்கே அவள் திரும்பப் போக வேண்டி வந்தது. அங்கே வேலை ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகான முதல் மாதிரி. காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

“வர்றேம்மா” என்றாள்.

தலையை ஆட்டினேன்.

தெருவில் கொஞ்ச தூரம் போனவள் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

“இன்னாமா, ஒண்ணுமே சொல்லல?”

“ஒண்ணும் இல்ல. போய்ட்டு வா.”

“உடம்பு சரியில்லையா? ஆபா ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல.”

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பையை வாசற்படியில் இறக்கி வைத்தாள். உள்ளேயிருந்து வாயு மீட்டரை எடுத்து, ஆன் செய்து, அது ஒரு முறை கத்தும்வரை பார்த்தாள். பேட்டரியைக் கழற்றிவிட்டு வேறு போட்டாள். திரும்ப ஒருமுறை சோதித்தாள். பையை மாட்டிக்கொண்டு போனாள்.

சாயந்திரம் போன் வந்தது. “அம்மா, இன்னிக்குத் தண்ணி லேசா மஞ்சளா இருக்குது. ரூம் கதவு, ஜன்னல் ரெண்டும் திறந்துதான் இருக்கு. மீட்டர் சத்தம் போடல. ஏன் மஞ்சளா இருக்கும்னு நினைக்கறே?”

இரும்பாக இருக்கலாம் என்றேன். எத்தனை நேரம் பம்பு ஓடியது என்று கேட்டேன். பதில் சொன்னாள். வைக்கும்போது, ஆபாவிடம் சொல்லிவிட்டாயா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவள் முதலில் யாரைக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை.